நிறுத்தக்குறி வேடத்தில் ஒரு மெய்யெழுத்து

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் பேசப்படும் சிக்கா மொழியைப் பற்றி மொழியியல் படித்தவர்களிடம் பேச்செடுத்தால், "அந்த அபூர்வமான ஒலி இருக்கிற மொழிதானே?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அவர்கள் சொல்வது இதழ்ப்பல் வருடொலியை. கீழுதட்டை மேற்பல்லுக்குப் பின்னால் உள்ளிழுத்து அங்கிருந்து வெளியே சுண்டிவிட வேண்டும். போகிற போக்கில் உதடு பல்லை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். பல்லும் இதழும் சேர்ந்து பிறப்பது என்று தொல்காப்பியர் வகரத்துக்குச் சொன்ன அதே இரண்டு உறுப்புகள்தான். ஆனால் நம் வகரத்தில் உதடு பல்லை அணைத்து நிற்கிறது, இங்கே அடித்துவிட்டு ஓடுகிறது. நடு ஆப்பிரிக்காவின் பல மொழிகளில் இந்த ஒலி உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே, சொற்களைப் பிரித்துக் காட்டும் முழு ஒலியாக இது வழங்கும் இடம் என்று ஆய்வாளர்கள் சுட்டுவது சிக்காவைத்தான். கென்னத் ஓல்சன், ஜான் ஹாஜெக் இருவரும் 1999இலும் 2003இலும் இதைப் பற்றி எழுதினார்கள். 2005இல் பன்னாட்டு ஒலியியல் கழகம் இதற்குத் தனிக் குறியை ஏற்றது. 2008இல் வந்த யூனிகோடு 5.1இல் அந்தக் குறிக்கு ஓர் இடமும் கிடைத்துவிட்டது.

அந்த ஒலிக்குக் கிடைத்த மரியாதையைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் சிக்காவை எழுதுவது எப்படி என்று கேட்டால், புகழ் போய்ச் சேர்ந்திருப்பது தவறான ஒலிக்கு என்றுதான் சொல்வேன். அந்த மொழி எழுத்தில் நிலைக்குமா, நிலைக்காதா என்பதைத் தீர்மானிக்கப் போவது இன்னொரு ஒலி. அதில் அபூர்வம் எதுவும் இல்லை, உலகத்தில் பாதி மொழிகளில் ஏதோ ஒரு வடிவில் அது கிடக்கிறது. காகிதத்தில் அதற்குக் கிடைத்திருப்பது ஓர் எழுத்துகூட இல்லை, ஒரு நிறுத்தக்குறி. அபாஸ்ட்ரபி என்று நாம் சொல்லும் அந்த மேற்குறி. அதை எழுத்தாக நடத்தாமல் அலங்காரமாக நடத்துகிற வரைக்கும் சிக்காவுக்கு முழுமையான எழுத்துமுறை இருப்பதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புளோரஸ், கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில் கிழமேற்காக நீண்டு கிடக்கும் எரிமலைத் தீவு. அதன் கிழக்குப் பகுதியில் இருப்பது சிக்கா மாவட்டம். வடகரையில் உள்ள மவுமெரே அதன் தலைநகர். 1992 டிசம்பர் 12 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் சின்னாபின்னமாக்கிய ஊர் என்று சிலருக்கு நினைவிருக்கலாம். மேற்கே லியோ மொழி, கிழக்கே லாமாஹோலோட் மொழி, நடுவே சிக்கா. பேசுவோர் ஏறக்குறைய 1,80,000 பேர். பேச்சு வகைகள் மூன்று: தென்கரையில் சிக்கா நாத்தார், மாவட்டத்தின் நடுவே குரோவே, கிழக்கு மலைப்பகுதியில் தானா ’அய். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற ட சில்வா, பரேரா போன்ற பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. தென்கரைச் சிக்கா ஊரில் 1899இல் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது.

எழுத்து இங்கே பாதிரிமார்களின் வழியாகத்தான் வேர்விட்டது. இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் பவுல் ஆர்ண்ட் 1931இல் சிக்கா மொழிக்கு ஜெர்மன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். 1998இல் மண்டலாங்கி பரேராவும் மானிடவியலாளர் டக்ளஸ் லூயிஸும் சேர்ந்து சிக்கா–இந்தோனேசிய அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நடுவில் உள்ளூர்க்காரர்களான கொண்டி, போயர் இருவரும் சிக்கா அரசின் வரலாற்றைக் கையெழுத்துப் படிகளாக எழுதிவைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் மலாய் மொழியில். இது ஒரு முக்கியமான தடயம். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறைக்கே எழுதும் மொழி வேறு, வீட்டு மொழி வேறு. கண் மலாயில் பழகியது, காது சிக்காவில் பழகியது. பின்னால் வரும் சிக்கல்களின் பாதி வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி அந்த ஒலி. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகள் ஒரு கணம் இறுக மூடி மூச்சை நிறுத்துகின்றன, பிறகு திறக்கின்றன. அவ்வளவுதான். பகரத்துக்கு உதடு அடைக்கிறது, தகரத்துக்கு நாக்கு நுனி அடைக்கிறது, ககரத்துக்கு நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தில் அடைக்கிறது. இதற்கு அடைப்பு இன்னும் கீழே, தொண்டைக்குள். நம் இலக்கணத்தில் இதற்கு இடம் கொடுப்பதாக இருந்தால் வல்லினத்தோடுதான் உட்காரவைக்க வேண்டும். குழந்தை அடுப்புப் பக்கம் தவழும்போது "அ! அ!" என்று வெட்டி வெட்டி அதட்டுகிறோமே, அந்த இரண்டு அகரத்துக்கும் நடுவில் நடப்பது இதுதான். தமிழ் அதை எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கில் எடுக்காதது மட்டுமில்லை, இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றால் நடுவில் இடைவெளி விடக்கூடாது என்று யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாக ஓடிவரச் செய்கிற மொழி நம்முடையது. சிக்காவின் வழி நேர்மாறு. இரண்டு உயிர்களுக்கு நடுவே கதவைச் சாத்துகிறது. அந்தச் சாத்தலுக்கு அங்கே பொருள் உண்டு.

எவ்வளவு பொருள் என்பதற்கு அகராதியைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. சிக்காவில் நான் என்பதற்குச் சொல் அ’உ. நீ என்பதற்குச் சொல் ’அஉ. இரண்டிலும் அதே அகரம், அதே உகரம், அதே தொண்டை அடைப்பு. அடைப்பு நடுவில் வந்தால் பேசுகிறவர், முதலில் வந்தால் கேட்கிறவர். மேற்குறியை எடுத்துவிட்டால் காகிதத்தில் இரண்டு பேரும் ஒரே ஆள். நாம், நாங்கள் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் நம்மைப் போலவே சிக்காவுக்கும் உண்டு. முன்னிலையாரைச் சேர்த்தால் இத்தா, விலக்கினால் ஆமி. பேச்சில் யார் உள்ளே, யார் வெளியே என்பதில் இவ்வளவு கவனமாக இருக்கும் ஒரு மொழி, எழுத்தில் நானையும் நீயையும் குழப்பிக்கொண்டு நின்றால் அது அந்த மொழியின் குறை ஆகாது.

இது தொண்டைச் செருமல் மாதிரி ஏதோ தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்கள், பக்கத்தில் இந்தோனேசிய மொழியை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஆஸ்திரனேசியக் குடும்பம். இந்தோனேசியத்தில் நான் என்பது ஆக்கு, சிக்காவில் அ’உ. அங்கே நீ என்பது காவ், இங்கே ’அஉ. அங்கே மரத்துக்குப் பெயர் காயு, இங்கே ’அய். அங்கே ககரம் நிற்கும் இடத்தில் இங்கே அடைப்பு நிற்கிறது. அதாவது மூதாதை மொழியில் ககரமாக இருந்தது இந்தச் சொற்களில் இன்னும் கீழே இறங்கித் தொண்டைக்குள் போயிருக்கிறது. ஆளும் அதே ஆள், குடியிருப்புதான் மாறியிருக்கிறது. ஆக்கு என்று எழுதும்போது ககரத்தை விட்டுவிட்டு ஆஉ என்று எந்த மாணவனும் எழுத மாட்டான். எழுதினால் வாத்தியார் சுழிப்பார். அதே மாணவன் தன் வீட்டு மொழியில் அந்த இடத்து மெய்யை விட்டுவிட்டால் யாரும் சுழிப்பதில்லை, ஏனென்றால் விடுபட்டது எழுத்து என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏன் தோன்றுவதில்லை? அதன் உருவம் அப்படி. மற்ற மெய்கள் எல்லாம் வரியில் உடம்போடு நிற்கின்றன, இது மட்டும் மேலே ஒரு கீறல். பள்ளிக்கூடத்தில் எழுத்து வரிசையைச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த லத்தீன் வரிசையின் 26 எழுத்துகளில் இதற்கு இடமில்லை. கைப்பேசியின் முதல் விசைப்பலகையில் இது பெரும்பாலும் இருப்பதில்லை, எண்களும் குறிகளும் கிடக்கும் இரண்டாவது பலகைக்குப் போக வேண்டும். கணினி இன்னும் மோசம். ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மென்பொருள்களுக்குச் சொல்ல யூனிகோடு ஒரு பொது விதி வைத்திருக்கிறது. அந்த விதிப்படி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும் மேற்குறி சொல்லின் பகுதி, சொல்லின் முதலில் வரும் மேற்குறி சொல்லுக்கு வெளியே நிற்கும் நிறுத்தக்குறி. ஆங்கிலத்துக்கு இது மிகப் பொருத்தம். சிக்காவுக்கு இதன் விளைவைப் பாருங்கள்: அ’உ முழுதாகப் பிழைக்கிறது, ’அஉ தலையை இழக்கிறது. நான் ஒரு சொல், நீ ஒரு சொல்லின் மிச்சம். சொற்செயலியில் தட்டினால் சொல்லின் முதலில் வரும் மேற்குறி தானாகவே திறக்கும் மேற்கோளாகத் திரும்பிக்கொள்கிறது, நடுவில் வருவது மூடும் மேற்கோளாக நிற்கிறது. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு குறியாகப் பதிவாகிவிட்டால், தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

இதற்கு வரும் முதல் ஆட்சேபணை வலுவானது. "வாக்கியத்தைப் பார்த்தால் நானா நீயா என்று தெரிந்துவிடாதா? நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைத்தா எழுதினார்கள்? எகர ஏகாரத்துக்கு வேறுபாடு காட்டினார்களா? அதைப் படித்துத்தானே தமிழ் பிழைத்தது?" உண்மைதான். ஓலையில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் கிடையாது, ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும், வீரமாமுனிவரின் திருத்தம் 18ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதுவரை படித்தவர்கள் தட்டுத் தடுமாறவில்லை. ஆனால் அவர்கள் யார்? தமிழை வாயால் முழுதும் அறிந்து, பாட்டை ஆசிரியரிடம் காதால் கேட்டு, யாப்பு தெரிந்து, அதற்குப் பிறகு ஓலையை எடுத்தவர்கள். ஓலை அவர்களுக்குத் தெரிந்ததை நினைவூட்டியது. தெரியாததைக் கற்பிக்கும் வேலை அதற்கு இருக்கவில்லை. உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் அச்சுக்குக் கொண்டுவர உட்கார்ந்தபோது ஒவ்வொரு சொல்லையும் இதுவா அதுவா என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு படித்தவர்களுக்கே. குறி குறைந்த எழுத்து, மொழி ஏற்கெனவே முழுதாகத் தெரிந்தவருக்குப் போதும். மவுமெரேயில் இந்தோனேசியத்தில் படித்து, இந்தோனேசியத்தில் செய்தி கேட்டு, பாட்டியிடம் மட்டும் சிக்கா பேசி வளரும் பிள்ளைக்குப் போதாது.

இதில் எனக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று ஹவாய். அங்கேயும் அதே ஒலி, அதே சிக்கல், வியப்பாக அதே இடத்தில். ஹவாய் மொழியில் கோ’உ என்றால் என்னுடையது, அடைப்பு இல்லாமல் கோஉ என்றால் உன்னுடையது. 1820களில் அந்த மொழிக்கு எழுத்து அமைத்த அமெரிக்கப் பாதிரிமார்கள், 1823 வாக்கிலேயே இந்த இரண்டையும் பிரிக்க ஒரு மேற்குறி போட்டார்கள். ஆனால் அந்த மாதிரி கட்டாயம் நேர்ந்த சில சொற்களுக்கு மட்டும். 1826இல் வாக்கெடுத்து எழுத்து வரிசையைத் தீர்மானித்தபோது அந்த ஒலிக்கு எழுத்து என்ற தகுதி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஹவாய் மொழியில் செய்தித்தாள்கள் குவிந்தன, நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில். பெரும்பாலும் அடைப்பைக் குறிக்காமல்தான். படித்தவர்களுக்கு அது வீட்டு மொழி, ஆகவே குறை தெரியவில்லை. பிறகு பள்ளிகளில் ஆங்கிலம் வந்தது, தலைமுறை மாறியது, அந்தத் தாள்களை எடுத்துப் படிக்க உட்கார்ந்த பேரப்பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்பது ஊகமாகிவிட்டது. 1957இல் மேரி கவேனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் அகராதி வெளியிட்டபோதுதான் அந்தக் குறி ஒழுங்காக ஒவ்வொரு சொல்லிலும் ஏறியது. அது முடிந்ததற்குக் காரணம் புகுயி அந்த மொழியில் வளர்ந்தவர் என்பது. காது இருந்ததால் கண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. சிக்காவில் இன்று காதுக்குப் பஞ்சமில்லை, ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்குமேல் இருக்கிறார்கள். குறியை இப்போது உறுதியாகப் பதிய வைப்பது மலிவு. ஐம்பது வருடம் கழித்துச் செய்வது ஆராய்ச்சி.

இரண்டாவது ஆட்சேபணையை இந்தோனேசியமே எழுப்புகிறது. அங்கே வழக்கமாக எகரமும், உதட்டை விரிக்காமல் சொல்லும் மங்கலான உயிரும் ஒரே எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆப்பிள் பழத்துக்கும் அணிவகுப்புக்கும் எழுத்துக் கூட்டல் ஒன்று, உச்சரிப்பு வேறு. எழுத்துச் சீர்திருத்தத்தில் வெள்ளிக்கிழமையின் பெயரில் இருந்த மேற்குறியையும் தூக்கிவிட்டார்கள். நாடே இப்படி ஓடும்போது ஒரு மாவட்ட மொழிக்கு மட்டும் ஏன் இந்தக் கறார்? காரணம், இந்தோனேசியத்தின் ஒலியைச் சுமக்க எழுத்துக்கு வெளியே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பள்ளி, வானொலி, தொலைக்காட்சி, அரசு அகராதி எல்லாம் உண்டு. எழுத்து விட்டதை அவை எடுத்துக்கொள்ளும். சிக்காவுக்கு அந்தப் பக்கபலம் கிடையாது. பெரிய மொழி சோம்பேறியாக எழுதலாம். சின்ன மொழிக்கு அந்த வசதி இல்லை, இது நியாயமில்லாதது என்றாலும்.

இந்த இடத்தில் வருடொலிக்காரர்கள் கேட்கலாம்: உங்கள் தர்க்கம் அபூர்வ ஒலிக்கும் பொருந்தாதா? பொருந்தும். ஆனால் அது எளிதான வழக்கு. லத்தீன் வரிசையில் இதழொலிகளுக்கு என்றே பல எழுத்துகள் உண்டு, இந்தோனேசியத்தில் அவற்றில் சில கடன்சொற்களுக்கு மட்டும் வேலை செய்கின்றன. சிக்காவின் உதட்டொலிகளை அவற்றுக்கிடையே பங்கு போட்டுவிடலாம். எந்தப் பங்கீடு செய்தாலும் அந்த ஒலிக்கு வரியில் உடம்போடு நிற்கிற ஓர் எழுத்து கிடைத்துவிடும். அதை யாரும் தற்செயலாக விட்டுவிட மாட்டார்கள். தொண்டை அடைப்பின் சங்கடமே வேறு. அதற்குக் கிடைத்திருப்பது, விட்டுவிடலாம் என்று பார்வையிலேயே அழைக்கும் ஒரு குறி.

அப்படியென்றால் குறியையே மாற்றிவிட்டால் என்ன? மால்டா மொழியில் இதே ஒலியை க்யூ என்ற எழுத்தால் எழுதுகிறார்கள், எஸ்தோனியாவின் வோரோ மொழியிலும் அப்படியே. இந்தோனேசியத்தில் அந்த எழுத்து ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. வாதமாகப் பார்த்தால் இது என்னை அசைக்கிறது. முதல் விசைப்பலகையிலேயே கிடைக்கும், எந்த மென்பொருளும் வெட்டாது, அகராதியில் அதற்கென ஓர் இடம் தானாக அமையும். ஆனால் எழுத்து என்பது பொறியியல் மட்டுமில்லை. அச்சில் வந்த அகராதியும் ஆய்வு நூல்களும் மேற்குறியோடு இருக்கின்றன. அவற்றையெல்லாம் பழையதாக்கிவிட்டு, நானும் நீயும் எழுத ஓர் அன்னிய எழுத்தைக் கொண்டுவந்தால், எழுத ஆசைப்படும் சிலரும் பின்வாங்குவார்கள். சொல்லின் கடைசியில் இந்தோனேசியம் செய்வதுபோலக் கே என்ற எழுத்தையே அடைப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்றால், சிக்காவில் உண்மையான ககரமும் தனியாக உண்டு, இரண்டும் மோதும். ஆகவே உருவம் இருக்கட்டும், தகுதியை மாற்றுங்கள் என்பதே என் பக்கம். யூனிகோடில் மேற்குறிபோலவே தோன்றும், ஆனால் எழுத்து என்றே வகைப்படுத்தப்பட்ட குறி ஆரம்பக் காலத்திலிருந்தே உண்டு. அதை இட்டால் மென்பொருள் சொல்லை வெட்டாது. மெக்சிகோவின் பழங்குடி மொழிகளுக்கு இதே அடைப்பொலிக்காகப் பெரிய, சிறிய வடிவங்களோடு தனி எழுத்தே கொடுத்தார்கள், வருடொலிக்கு இடம் கிடைத்த அதே யூனிகோடு 5.1இல். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கடைசியாக ஓர் ஆட்சேபணை, இதை நான் பாதி ஏற்கிறேன். நாத்தார், குரோவே, தானா ’அய் என்று மூன்று பேச்சுகள் இருக்கும்போது யாருடைய உச்சரிப்பை எழுத்தாக்குவது? வெளியிலிருந்து ஒரு நெறியைச் சுமத்தினால் ஒரு வட்டாரத்தின் பேச்சு சரி, மற்றது கொச்சை என்று ஆகிவிடாதா? ஆகும், கவனமில்லாமல் செய்தால். ஆனால் அடைப்பை எழுதுங்கள் என்பது ஒரு வட்டாரத்தை உயர்த்துவதாகாது. எங்கே சொல்கிறார்களோ அங்கே எழுதட்டும், சொல்லாத இடத்தில் வேண்டாம். உண்மையில் குறியை விட்டுவிடுவதுதான் வட்டார வேறுபாட்டைத் தேய்க்கும், எல்லோருடைய சொல்லும் ஒரே வழுக்கைத் தலையோடு நிற்கும். அதேபோல் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஒருவர் தன் தம்பிக்கு மேற்குறி இல்லாமல் எழுதினால் அது அவர்கள் இருவரின் வீட்டு விஷயம், யாருக்கும் அங்கே வேலையில்லை. நான் பேசுவது பாடப்புத்தகம், ஜெபப்புத்தகம், அகராதி, பெயர்ப்பலகை, நிலப்படம் இவற்றைப் பற்றி. 1994 பாடத்திட்டத்திலிருந்தே இந்தோனேசியப் பள்ளிகளில் உள்ளூர்ப் பாடம் என்று ஒரு வகுப்பு உண்டு, வட்டார மொழியை அதில் கற்பிக்க வழியும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு வட்டார மொழிகளை மதித்துக் காப்பதாகச் சொல்கிறது. அந்த வகுப்புக்கு அச்சாகும் எழுத்து அட்டவணையில் இந்தக் குறிக்கு ஒரு கட்டம், அதற்குக் கீழே அ’உ, ’அஉ என்று இரண்டு சொற்கள், இவ்வளவுதான் செலவு. தானா ’அய் என்ற பெயரில் மரத்தைக் குறிக்கும் அந்தச் சொல், வெளியார் எழுதும்போது பெரும்பாலும் தானா அய் என்றே வந்து சேர்கிறது. அந்த மலைப்பகுதிப் பிள்ளை தன் ஊர்ப்பெயரை முதன்முதலாகப் பார்க்கும் இடம் பாடப்புத்தகமாக இருக்குமென்றால், அங்கேயாவது அது முழுதாக இருக்கட்டும்.